செப் ட்வெடிலின் முதுகு

செப்டிமஸ் ட்வெடில் பார்லிமென்டில் என்னென்ன பேசினான் என்று விசாரித்துக்கொண்டு நியூகாஸிலிலிருந்து பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால், பெல்லா அவர்களை அடுப்போரம் உட்காரவைப்பாள். டீ கொடுப்பாள். தடித்த ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவிக் கொடுப்பாள். அப்புறம், "அதெல்லாம் லண்டன்லயே எழுதி வெச்சிருப்பாங்களே, அங்க போய்ப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிடுவாள். இருபது வருஷத்துக்கு மேல் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவனின் மனைவி இப்படிச் சொன்னால் வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். அவள்தான் என்ன செய்வாள்? செப் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனியாக நினைத்துச் சிரிப்பதும் அழுவதும் வேறு எதையோ. அது பேச்சில்லை.

லண்டனில் அவன் மிஸ்டர் ட்வெடில். எங்கள் ஹார்லா ஊரில் வெறும் செப். ஏழாவது பிள்ளை என்பதால் வைத்த பெயர். முன்னால் பிறந்த ஆறு பேரும் சுரங்கத்துக்குள் போனார்கள், அவனும் போனான், போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கரி வெட்டுகிற ஆளாக வளர்ந்தபின் நிக்கோல் டீஸ்டேல் அவனுக்குக் கூட்டாளி ஆனான். இரண்டு பேருக்கும் ஒரே இடம். ஒருவன் வெட்டிவிட்டுப் போன இடத்தில் அடுத்தவன் தொடங்குவான், கூலி பொது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அடுத்த உறவு அதுதான். சில வீடுகளில் கல்யாணத்துக்கும் முந்தியது.

பிறகு செப் தராசடிக்கு வந்தான். கம்பெனி கரியை எடை போடும்போது ஏமாற்றாமல் இருக்கத் தொழிலாளிகள் தங்கள் ஆள் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அந்த வேலைக்கு நேர்மை போதாது, நல்ல தொண்டையும் வேண்டும். செப்புக்கு இரண்டும் இருந்தது. அங்கிருந்து சங்கச் செயலாளர். அங்கிருந்து, தொள்ளாயிரத்து ஆறாம் வருஷத் தேர்தலில், நேரே பார்லிமென்ட். எண்ணிக்கை முடிந்த அன்று ஊர் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும்! பேண்டு வாத்தியக்காரர்கள் பாதிப் பேருக்கு நிற்கவே முடியவில்லை, ஆனாலும் ஊதினார்கள். டீஸ்டேல் தன் கூட்டாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடினான். "ஏ பெல்லா! உன் புருசன் ராசாவுக்கே எட பாத்துச் சொல்லப் போறான்டி!" என்று அவன் கத்தியது அவளுக்கு இன்னமும் கேட்கிறது. அந்த மாதிரி நாள் ஒன்றுதான் வரும். அது வந்தபோது இளமையாக இருந்ததே ஒரு பாக்கியம் என்று பெல்லா நினைத்துக்கொள்வாள்.

பெல்லா சுரங்கத்து வீட்டில் பிறந்தவள் இல்லை. கடலோரத்து மீன்காரர் மகள். கல்யாணமான புதிதில் செப் வேலை முடிந்து கரிப்பூச்சோடு வந்தான். அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியை வைத்து வெந்நீர் விட்டாள். தலை, முகம், நெஞ்சு, கை எல்லாம் அவனே தேய்த்துக்கொண்டான். பாவம், முதுகு எட்டாதே என்று இவள் சோப்பை எடுத்து முதுகில் வைத்ததுதான் தாமதம், அவன் துள்ளிய துள்ளலில் பாதித் தண்ணீர் தரையில்.

"அடிப்பாவி! கொன்னுடப் பாத்தியே!"

"என்னய்யா செஞ்சிட்டேன்? அழுக்குத்தானே தேச்சேன்!"

"முதுகுல தண்ணி பட்டா இடுப்பு விட்டுப் போயிடும் புள்ள. அப்புறம் எவன் கரி வெட்டுவான், நீயா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பார்த்தால் தெருவில் ஒரு ஆண்பிள்ளைகூட முதுகில் தண்ணீர் படவிடுவதில்லை. முரட்டுத் துணியால் உலர்ந்தபடியே ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். படுக்கை விரிப்பெல்லாம் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. நாளாவட்டத்தில் அவளும் மற்றப் பெண்களைப் போல அதைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

பழைய நாளில் ராத்திரி என்று ஒன்று இருந்தது. இரண்டு ஷிப்டு முடிந்தால் சுரங்கம் ஓயும், வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் படுப்பார்கள், அடுப்பும் கண்ணயரும். பிறகு எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. செப் அதற்காக உயிரைக் கொடுத்துப் பேசினான். வண்டி தள்ளுகிற பொடிப்பயல்கள் பத்து மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். அது எட்டாகக் குறைய வேண்டும் என்று கேட்டதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பொடியன்களின் நேரம் குறைந்தால் என்ன, சுரங்கத்தை இராப்பகலாக ஓட்டுகிறோம் என்று மூன்று ஷிப்டு ஆக்கிவிட்டார்கள்.

பெல்லாவுக்கு மூன்று பிள்ளைகள்: ராப், ஜாஸ், வில்ஃப். ஆளுக்கொரு ஷிப்டு. ஒருவன் எழும்போது ஒருவன் படுப்பான். ஒருவன் குளித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வருவதற்குள் அடுத்தவன் கறுப்பாக வாசலில் நிற்பான். தெருக்கோடிக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்க வேண்டும், கொதிக்கவைக்க வேண்டும், ஊற்ற வேண்டும், வாரிக் கொட்ட வேண்டும். நடுவில் சமையல், ஈரத் துணி காயவைப்பது, கரித்துணியைச் சுவரில் அடித்து உதறுவது. தெருவில் எந்தப் பெண்ணும் உடை மாற்றிக்கொண்டு படுத்ததாக ஞாபகம் இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார்கள்.

அந்தத் தூக்கத்தில்தான் அது நடந்தது. எதிர்வீட்டு மெக் ஹெப்பிள் தொட்டியில் கொதிநீரை ஊற்றிவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். கண் சொக்கியதோ என்னவோ, ஒரு நிமிஷம் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவளுடைய கடைக்குட்டி டாலி, நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. அன்று தெருவில் கேட்ட சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தவள் பெல்லாதான்.

அடுத்த முறை செப் லண்டனிலிருந்து வந்தபோது, மேல்கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் அவனை நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"பொடிப்பசங்களுக்கு எட்டு மணி நேரம். வெட்டற ஆளுக்கு எட்டு மணி நேரம். ஏன்யா, சுரங்கத்துக் குதிரைக்குக்கூட ஓய்வு எழுதி வெச்சிருக்கீங்களாமே? எனக்கு எத்தன மணி நேரம்? மெக்குக்கு எத்தன?"

சட்டத்துக்காகப் பேசியபோது அவன் எல்லோரையும் எண்ணியிருந்தான். வீட்டில் இருக்கிறவர்களை எண்ண வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவனோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தண்ணிய சுரங்க வாசலுக்குக் கொண்டு வரேன் பெல்லா," என்றான் கடைசியில். "அங்கயே குளிச்சிட்டு வரட்டும். வீட்டுக்குள்ள வெந்நீர்த் தொட்டியே வேணாம். அதுக்கு ஒரு வழி பண்ணாம நான் அடங்க மாட்டேன்."

அடங்கவும் இல்லை. தொள்ளாயிரத்துப் பதினொன்றில் வந்த சுரங்கச் சட்டத்தில் அதற்கும் ஒரு விதி ஏறிவிட்டது. தொழிலாளிகள் ஓட்டுப் போட்டுக் கேட்டால் சுரங்க வாசலில் குளியலறை கட்ட வேண்டும். அடுத்த வருஷம் கோடை விடுமுறைக்கு செப் வந்து இறங்கியபோது பெண்கள் அவனைப் பார்த்த பார்வையே தனி. மெக் ஹெப்பிள் அவன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பெல்லாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவன் எம்.பி. ஆன நாளில்கூட அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

கரிக்காரர்களைக் கூட்டி ஓட்டெடுப்பதற்குள் செப்டம்பர் போய்விட்டது. செப் மறுபடி லண்டன் போக இருந்த வாரத்துச் சனிக்கிழமை மத்தியானம், சங்கக் கூடத்தில் கூட்டம். பெண்களுக்கு உள்ளே இடமில்லை, ஓட்டும் இல்லை. அதனால் ஜன்னல்களை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். அவளவள் தன் வீட்டுக்காரன் கை தூக்குகிறானா என்று பார்க்க வசதியாக ஜன்னலைப் பிடித்திருந்தாள். பெல்லாவும் மெக்கும் மேடைக்குப் பக்கத்து ஜன்னலில்.

செப் நன்றாகத்தான் பேசினான். வெந்நீர் வரும், துணியை உலர்த்திக் கொடுக்கும் அறை வரும், காய்ந்த உடையில் மனிதனைப் போல வீட்டுக்குப் போகலாம் என்றான். கீழேயிருந்து ஒருவன் எழுந்தான்.

"அப்பன் எதிர்ல மவன் அம்மணமா நிக்கணுமா?"

"தடுப்பு வெச்சுத்தான் கட்டுவாங்க. நீ உன் மானத்த உள்ளயே பூட்டி வெச்சுக்கலாம்," என்றான் செப். கூடம் சிரித்தது.

"ஈரத் தலையோட வெளிய வந்தா மார்ச்சளி புடிக்காதா?"

"வீட்ல மட்டும் என்ன, கம்பளிக்குள்ளயா குளிக்கறே?"

இதற்கும் சிரிப்பு. பெல்லா மெக்கின் கையைக் கிள்ளினாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். அப்போதுதான் நிக்கோல் டீஸ்டேல் எழுந்தான். கோபமாக எழவில்லை. பழைய கூட்டாளியைச் சீண்டிப் பார்க்கும் ஆசையோடு, வாயில் புகைக்குழாயை வைத்துக்கொண்டே எழுந்தான்.

"செப்பு, உன் பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். லண்டன்ல நீ தங்கற வீட்ல, திருகினா வெந்நீரு கொட்டுமாமே?"

"கொட்டும்."

"தெனம் குளிப்பியோ?"

"குளிப்பேன்."

"முதுகையும் சேத்தா?"

செப் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னலுக்கு வெளியே பெல்லா பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பார்லிமென்டில் இருந்தவனுக்கு ஒரு சின்னப் பொய் வராதா? 'ஆமாம்' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலையேன்!

"இல்ல," என்றான் செப். "முதுகுல தண்ணி பட விட்டதில்ல."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். பெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டீஸ்டேலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாத்தீங்களாடா? லண்டன் போயும் நம்ம பய நம்ம பயதான்!" என்று அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் குடியைக் கெடுத்தது. சிரிக்காமல் நின்றவள் மெக் ஒருத்தி.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். அவ்வளவு கூத்துக்குப் பிறகும் கைகள் எழுந்தன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு வரிசையாக. பாதிக் கூடத்துக்கு மேல் கை. ஜன்னலில் நின்றவர்கள் கூவிவிட்டார்கள், ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். தலைவர் எண்ணி முடித்துத் தொண்டையைச் செருமினார்.

"தீர்மானம் தோத்துது. மூணுல ரெண்டு பங்கு இல்ல."

மூன்றில் இரண்டு பங்கு என்ற பேச்சை பெல்லா அன்றுதான் முதன்முதலில் கேட்டாள். மெக் அவளைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரிக்கா, நான் போய்த் தண்ணி வெக்கறேன், அவரு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப் வீட்டுக்கு வந்தபோது பெல்லா வாளியும் கையுமாக இருந்தாள். அவன் வாளியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நீ எத்தன ஓட்டுல செயிச்சே செப்?"

"எதுக்கு இப்ப அது?"

"மூணுல ரெண்டு பங்கா?"

அவன் தொப்பியை ஆணியில் மாட்டினான்.

"பாதிக்கு மேல ஒரு கை தூக்கினா நீ பார்லிமென்டு போயிடுவே. மெக் வீட்ல ஒரு தொட்டி வெந்நீர் இல்லாம போகணும்னா மட்டும் மூணுல ரெண்டு பேரு வேணுமா? எவன்யா எழுதினான் அத?"

"கம்பெனிக்காரங்க பக்கம் ஒத்துக்கல. அந்த மூணுல ரெண்டுக்கு நாங்க ஒத்துக்கலேன்னா விதியே போயிருக்கும். ஏதாவது கெடைக்கட்டும்னு..." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "நான்தான் தலையாட்டினேன். உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பெல்லாவுக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிட இரக்கம்தான் அதிகமாக இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. செப் எழுந்தான். கோட்டைக் கழற்றினான், கழுத்துப் பட்டியைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான்.

"தொட்டில ஊத்து."

"ராப் வர இன்னும் நேரமிருக்கு."

"ராபுக்கு இல்ல. எனக்கு. முதுகத் தேய்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. கரி வெட்டி வளர்ந்த அந்தப் பெரிய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு உண்மையிலேயே பயம். அறிவுக்குத் தெரிந்தாலும் முதுகுக்குத் தெரிய வேண்டாமா?

சோப்பை வைத்தாள். துள்ளவில்லை; தொட்டி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். சுரங்கத்தை விட்டு மேலே வந்து எத்தனையோ வருஷம், இருந்தும் தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடியது. தேய்க்கத் தேய்க்கக் கீழே இருந்து வெளுத்த தோல் எட்டிப் பார்த்தது. கைக்குழந்தையின் தோல் மாதிரி. அதில் இங்குமங்கும், பாறை கீறிக் கரி புகுந்து ஆறிய நீலத் தழும்புகள். இவனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தி மூன்று பிள்ளை பெற்றவள், இவன் முதுகு என்ன நிறம் என்று அன்றுதான் பார்த்தாள். கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவனும் அழுதான் என்றுதான் நினைக்கிறாள். அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாசற்கதவை விரியத் திறந்தாள்.

"மெக்! ஏ மெக்! எல்லாரையும் கூட்டிட்டு வா. எம்.பி. முதுகப் பாக்கணும்னா இப்பவே வாங்க!"

தெருவே வந்தது. சாவு வீட்டுக்கு வந்து முகம் பார்ப்பது போல ஒவ்வொருத்தராக உள்ளே வந்து, முதுகைப் பார்த்துவிட்டு வெளியே போனார்கள். செப் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, திறந்த கதவுக்கு எதிரே, அக்டோபர்க் காற்றில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியில் டீஸ்டேல் வந்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகெலும்பைப் பெருவிரலால் மேலிருந்து கீழே அழுத்திப் பார்த்தான்.

"என்னடா காரியம் பண்ணிட்டே செப்பு," என்றான் நிஜமான கவலையோடு. "திங்கக்கெழம ரயிலுக்கு நடந்து போவியா? இடுப்பு புடிச்சிக்கும். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு."

"பாக்கலாம்டா," என்றான் செப்.

திங்கட்கிழமை விடிந்ததும் பெல்லா கண் விழித்தபோது அவன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"பெல்லா. எந்திரிக்க முடியல."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"காத்துல உக்காந்தே இல்ல, அதான். கதவத் தொறந்து வெச்சது எந் தப்பு."

"தண்ணிதான்," என்றான் அவன்.

"காத்துய்யா!"

"எதுவா இருந்தா என்ன, முதுகு எழுந்திருக்கணுமே."

வாத்துக்கொழுப்பைச் சூடுபண்ணித் தேய்த்தாள். கம்பளித் துணியை இறுக்கிச் சுற்றினாள். ராபும் அவளுமாகத் தூக்கி நிறுத்தினார்கள். வியர்வை அவன் நெற்றியிலிருந்து சொட்டியது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

"போதும். ராப் போய்க் கூட்டுறவுக் கடை வண்டியக் கேட்டு வாங்கிட்டு வரட்டும். ஸ்டேஷன் வரைக்கும் படுத்துக்கிட்டே போ. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல."

"வண்டில ஏறினா அந்தக் குளியலறை என்னிக்கும் வராது," என்றான் செப். "மெக் வீட்டு வாசலத் தாண்டித்தானே போவணும்? நடக்கறேன். கோட்டக் குடு."

தெரு இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. ஷிப்டு முடித்தவர்கள் முகம் கழுவாமல் சுவரோரம் குந்தியிருந்தார்கள், எங்கள் ஆட்கள் எப்போதும் குந்துகிற மாதிரி. பெண்கள் வாசற்படிகளில். செப் வெளியே வந்தான். ஒரு கையில் பை, மறு கையில் தொப்பி. சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நடந்தான். பெல்லா அவன் பக்கத்திலேயே, தொடாமல் நடந்தாள். தொட்டால் சந்தேகம் வந்துவிடும். ஒவ்வொரு வாசலிலும் அவன் வணக்கம் சொன்னான். மெக் ஹெப்பிள் வாசலில் தலையையும் தாழ்த்தினான்.

தெருக்கோடியில் டீஸ்டேல் நின்றுகொண்டிருந்தான். வேண்டுமென்றே புகையிலைப் பையைக் கீழே போட்டான்.

"அடடா. செப்பு, அத எடுத்துக் குடேன்."

பெல்லா குனியப் பார்த்தாள். செப்பின் பார்வை அவளை நிறுத்தியது. அவன் தன் பயணப் பையைக் கீழே வைத்தான். குனிந்தான். அது எத்தனை நேரம் எடுத்தது என்று கேட்டால் பெல்லா ஒரு வருஷம் என்பாள். புகையிலைப் பையை எடுத்தான், நிமிர்ந்தான், அதிலிருந்த மண்ணைத் தட்டினான், டீஸ்டேலின் கையில் கொடுத்தான்.

"வயசாயிடுச்சுடா நிக்கோல் உனக்கு. கை நடுங்குது."

டீஸ்டேல் பேந்தப் பேந்த விழித்தான். பின்னால் ஒரு பெண் கைதட்டினாள், பிறகு தெருவே தட்டியது.

ஸ்டேஷன் வரை கூட்டம் பின்னாலேயே வந்தது. ரயில் பெட்டியில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, பெல்லாவை முத்தமிடுவது போலத் தலையை நீட்டினான்.

"உயிரு போவுது புள்ள," என்றான் காதுக்குள்.

"சிரி," என்றாள் பெல்லா. "டீஸ்டேல் பாத்துக்கிட்டிருக்கான்."

அவன் சிரித்தான். வண்டி நகரும்வரை, வளைவில் மறையும்வரை, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டே போனான். லண்டன் வரை அவனால் உட்காரவே முடியவில்லை, நின்றுகொண்டேதான் போனான் என்று பிற்பாடு அவளிடம் மட்டும் சொன்னான். தண்ணீர்தான் காரணம் என்று சாகும்வரை நம்பினான். இருந்தும் சனிக்கிழமைதோறும் முதுகைத் தேய்த்துக்கொண்டான். டீஸ்டேலுக்கு எழுதும்போதெல்லாம் அதையும் மறக்காமல் எழுதினான்.

அடுத்த வசந்தத்தில் மறுபடி ஓட்டெடுத்தார்கள். அன்று செப் லண்டனில் இருந்தான். மேடைக்குப் பக்கத்து ஜன்னலில் பெல்லாவும் மெக்கும். முதல் கை டீஸ்டேலுடையது. பிறகு கூடத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கை. மூன்றில் இரண்டைத் தாண்டிவிட்டது என்று தலைவர் சொன்னதும் மற்றப் பெண்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள்.

மெக் ஓடவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"செப் அண்ணனுக்கு அன்னிக்கு வலிச்சுது இல்லக்கா?" என்றாள் திரும்பாமலே. "என் வாசல்ல தலையத் தாழ்த்தினப்ப மொகத்தப் பாத்தேன்."

பெல்லா அவள் தோளில் கை வைத்தாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லல," என்றாள் மெக்.